பின்னணியில் இயங்க அனுமதி

மனைவி கைப்பேசியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "இதைக் கொஞ்சம் பாருங்களேன். காலையில நூறு காட்டுது, மத்தியானத்துக்குள்ள உயிரை விட்டுடுது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் குளிக்கப் போனாள். பழுதான எதையும் அவர் மடியில் வைத்துவிட்டால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்பது இருபத்தாறு வருடப் பழக்கம். இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி, சுவர்க் கடிகாரம், ஒருமுறை எதிர்வீட்டுக் குழந்தையின் அழும் பொம்மை என்று அந்த மடிக்கு வராத பொருளே கிடையாது.

முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். தெருவில் லிஃப்ட்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் லிஃப்ட் கிடையாது என்பது வேறு விஷயம். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி சறுக்கி, இடது முழங்கால் சில்லு நொறுங்கிப்போனது. கம்பி வைத்துக் கட்டினார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பழப்பையோடு வந்து, "நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணே, தேவைப்படும்போது நாங்களே கூப்பிடுறோம்" என்றார்கள். அதற்குப் பிறகு அவருடைய கைப்பேசி ஒருமுறை சார்ஜ் போட்டால் நான்கு நாள் நின்றது. யாரும் கூப்பிடாத போனுக்குச் செலவு என்ன இருக்கிறது?

மனைவிக்கு வேலை கிடைத்ததும் அந்த மூன்று வாரத்தில்தான். அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள், சும்மா இருக்க முடியாமல் அடுத்த படுக்கைக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தாள், அதற்கடுத்தவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். வார்டு மேற்பார்வை பார்க்கும் அம்மா இதையெல்லாம் கவனித்திருக்கிறார். இவர்கள் வீடு திரும்பிய அன்று, "மாற்று உதவியாளர் பட்டியல்ல உங்க பேரைச் சேத்துக்கவா?" என்று கேட்டார். யாராவது லீவு போட்டால் பட்டியலில் இருக்கும் எல்லோருடைய கைப்பேசிக்கும் ஆஸ்பத்திரிச் செயலி வழியாகத் தகவல் போகும். முதலில் 'வருகிறேன்' என்று அழுத்துபவருக்கு அன்றைய வேலை. கண்ணாடித் தம்ளரை ஸ்பூனால் தட்டியது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவள் ஓடுகிற ஓட்டத்தையும், அழுத்திவிட்டு நிமிரும்போது முகத்தில் வருகிற ஒரு வெளிச்சத்தையும் அவர் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில்கூட அந்த முகம் அப்படி இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

போனின் அமைப்புகளுக்குள் போய் பேட்டரிப் பக்கத்தைத் திறந்தார். எந்தச் செயலி எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகப் போட்டிருந்தது. முதலிடம் ஆஸ்பத்திரிச் செயலிக்கு. நாற்பத்துமூன்று விழுக்காடு. திரையில் இருந்தது எட்டு நிமிடம். பின்னணியில் பதினோரு மணி நேரம். காரணத்தைப் பிடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ஆள் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று அந்தச் செயலி சில நிமிடத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. போன் கண்ணயரப் போகும்போதெல்லாம் தோளைத் தட்டி எழுப்பினால் பேட்டரி எப்படித் தாங்கும்? இடம் பார்ப்பதை மட்டும் நிறுத்தத் தனியாக ஒரு வழி இருந்தது. அதையும் பார்த்தார். அதைச் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முந்தின வாரம் ஒரு சாயங்காலம் அவர் மனைவியிடம் ஏணி சறுக்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். எட்டு மாதத்தில் யாரிடமும் சொல்லாத கதை. டாக்டரிடம் சொன்னதும் கம்பெனிக்காரர்களிடம் சொன்னதும் வேறு. விழுந்த பிறகு அந்தக் குழிக்குள் தனியாகக் கிடந்த அரைமணி நேரத்தைப் பற்றி, மேலே லிஃப்ட் அசைந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே கிடந்ததைப் பற்றி. "மேல பாத்தா இருட்டு. கத்தினா என் சத்தமே திரும்பி வருது..." என்று சொல்லும்போது தம்ளர்ச் சத்தம் கேட்டது. "ஒரு நிமிஷங்க, வந்து கேக்குறேன்" என்று எழுந்தவள்தான். திரும்பி வந்தபோது களைப்பில் அப்படியே படுத்துவிட்டாள். மறுநாள் கேட்கவில்லை. மறந்திருப்பாள். மறந்தது ஒரு குற்றமா? இல்லைதான். ஆனால் அது அவருக்குள் எங்கேயோ முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

செயலியின் பெயரைத் தொட்டார். மூன்று வழி காட்டியது: தடையின்றி, மிதமாக, கட்டுப்படுத்து. மூன்றாவதைத் தொட்டதும் ஒரு சிறு பெட்டி எழுந்தது. 'இந்தச் செயலி இனி பின்னணியில் இயங்காது. அறிவிப்புகள் தாமதமாக வரலாம் அல்லது வராமலே போகலாம்.' கீழே 'வேண்டாம்', 'சரி' என்று இரண்டு சொல். அவர் அதை இரண்டு தடவை படித்தார். எதையும் இரண்டு தடவை படிக்கிற ஆள் அவர். ஒன்றை ஒழுங்காகப் படிக்காமல் கை வைத்தால் ஆள் செத்துப்போகிற தொழில் அவருடையது. யாரும் ஏறாத நேரத்தில் லிஃப்ட் விளக்கை அணைத்துக்கொள்ளலாம், விசிறியை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கூப்பிடும் பொத்தானுக்குப் போகிற மின்சாரத்தை மட்டும் நிறுத்தவே கூடாது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட பாடம் இது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. 'சரி'யை அழுத்தினார்.

அவள் வந்ததும், "சரி பண்ணிட்டேன்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

முதல் சில நாட்கள் நன்றாக இருந்தன. அதைத்தான் பிற்பாடு அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நான்கு மணிக்கு இருவருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர் முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை எண்ணிக்கொண்டே செய்ய வைத்தாள். ஏணிக் கதையைக்கூட அவர் முழுசாகச் சொல்லி முடித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நீங்க கை வெச்சப்புறம் போன் ரெண்டு நாள் நிக்குதுங்க" என்று அவரிடம் சொன்னது போதாதென்று பக்கத்து வீட்டம்மாவிடமும் சொல்லிவைத்தாள். மறுநாளே அந்த அம்மா தன் போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "அண்ணே, என்னோடதும் அப்படித்தான் சீக்கிரமே படுத்துடுது. அந்த வைத்தியத்தை இதுக்கும் பண்ணி விடுங்களேன்" என்றார்.

அவர் அந்தப் போனை வாங்கி அரைமணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த இரண்டு விளையாட்டுகளையும் ஒரு கடைச் செயலியையும் கட்டுப்படுத்தினார். வெளியூரில் இருக்கும் மகன் கூப்பிடுகிற செயலியிடம் வந்ததும் நின்றார். "இதை மட்டும் தொடக்கூடாதும்மா. இதைத் தூங்க வெச்சா பையன் கூப்பிடுறது உங்களுக்குத் தெரியாமப் போயிடும்" என்று சொல்லி, 'தடையின்றி' என்பதைத் தொட்டுக் கொடுத்தார். அந்த அம்மா வாய் நிறைய வாழ்த்திவிட்டுப் போனார். அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது வாரம் தாண்டியதும் மனைவியின் பேச்சு குறைந்தது. போன் கையைவிட்டு இறங்கவில்லை. துணி மடிக்கும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவில்கூட வைத்துக்கொள்வாளோ என்று இருந்தது. அடிக்கடி செயலியைத் திறந்து பார்ப்பாள். நிரம்பிவிட்ட வேலைகள் அதில் நிற்காது; 'இப்போது பணி எதுவும் இல்லை' என்ற ஒற்றை வரிதான் இருக்கும். மூடிவைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவாள். ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "எனக்குத் தெரியும்ங்க, ஏன் கூப்பிடலைன்னு. பதினாலாம் படுக்கை அம்மாவுக்கு ஆளைக் கூப்பிடுற மணி எட்டலை. சுவத்துப் பக்கம் மாட்டி வெச்சிருந்தாங்க. அவங்களுக்கு வலது கை வராது. நான் பெரிய சிஸ்டர்கிட்ட, இப்படி வெச்சா அவங்க எப்படிக் கூப்பிடுவாங்கன்னு கேட்டுட்டேன். எல்லார் முன்னாடியும். எனக்கு எதுக்கு அந்த வாய்? வந்து ஒரு வருஷம்கூட ஆகலை."

"நீ கேட்டதுல என்ன தப்பு?" என்றார் அவர்.

"கேட்டது தப்பில்ல. நான் கேட்டதுதான் தப்பு."

அன்று மத்தியானம் அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது போன் மேசைமேல் இருந்தது. எடுத்தார். பேட்டரிப் பக்கம் வரை போனார். ஒரே ஒரு தொடுதல். யாருக்கும் தெரியாது. ஆனால் தொட்ட அடுத்த நிமிடமே அந்தச் சத்தம் வந்துவிட்டால்? அவள் ஓடிவிடுவாள், திரும்பவும் நாலு மணி டீ இருக்காது, திரும்பவும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாடிப்படியில் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை, யாரும் வரவில்லை. அவராகவேதான் போனைத் திரும்ப வைத்தார், எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில்.

ஐந்தாவது வாரம் அவள் மன்னிப்புக் கேட்பதென்று முடிவெடுத்தாள். சமையலறையில் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே ஒத்திகை பார்ப்பது கூடத்துக்குக் கேட்டது. "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா..." பிறகு வேறு குரலில், "படிக்காதவ, தெரியாமப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க..." அவர் எழுந்து போய், "விட்டுத்தள்ளு, இவங்க இல்லாட்டி வேற இடம்" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க கூட வந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்" என்றாள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சட்டை எடுத்து வை" என்றுதான் வாயில் வந்தது.

மேற்பார்வை அறை சின்னது. இரண்டு மேசை, ஒரு நீளமான பெஞ்சு, சுவர் முழுக்கப் பணி அட்டவணை. ஒரு மேசையில் மேற்பார்வை அம்மா. இன்னொன்றில் கணினி பார்க்கிற பெண். அவர் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். மனைவி உட்காரவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டு, ஒத்திகை பார்த்த அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னாள். படிக்காதவ என்றாள். தெரியாமப் பேசிட்டேன் என்றாள். இனிமே வாயே திறக்க மாட்டேன் என்றபோது குரல் உடைந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தது. அந்தக் கீறலுக்குள் போய் ஒளிந்துகொள்ள முடியுமானால் போயிருப்பார்.

மேற்பார்வை அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொல்றீங்க? அந்த மணியை அன்னிக்கே மாத்திப் போட்டாச்சு. அதுல யாருக்கும் கோபம் இல்ல. நீங்கதான் வர்றதையே விட்டுட்டீங்க. பதினேழு தடவை தகவல் போயிருக்கு, ஒண்ணுக்கும் பதில் இல்ல. வீட்ல என்னமோ கஷ்டம் போலன்னு நினைச்சு போன வாரம் பேரை எடுத்துட்டோம்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பதினாலாம் படுக்கைக்காரம்மா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மத்தவங்க ஊட்டினா பாதியில தலையைத் திருப்பிக்குவாங்க. திங்கக்கிழமை அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

"எனக்கு ஒண்ணுமே வரலையேம்மா" என்று மனைவி போனை எடுத்து நீட்டினாள். கணினிப் பெண் வாங்கி விரலால் இரண்டு தள்ளு தள்ளினாள்.

"பின்னணியில கட்டுப்படுத்தி வெச்சிருக்கு. திறந்தாத்தான் முழிக்கும். மத்த நேரம் பொணம் மாதிரி கிடக்கும். இது தானா ஆகாதுக்கா, யாராவது கை வெச்சிருக்கணும்."

மனைவி சிரித்தாள். நிம்மதியில் வந்த சிரிப்பு. "ஐயோ, இவ்வளவுதானா? எங்க வீட்டுக்காரர்தான். பேட்டரி நிக்கலைன்னு நான்தான் பாக்கச் சொன்னேன். பாவம், இப்படியாகும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது." எல்லோரும் பெஞ்சின் பக்கம் திரும்பினார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். திருடனைத் தேள் கொட்டினால் அவனால் கத்த முடியாது என்பார்கள். இவர் சிரித்து வேறு காட்ட வேண்டியிருந்தது.

"நிறையப் பேர் இப்படிப் பண்ணிட்டு வர்றாங்கக்கா. படிக்காமயே அழுத்திடறாங்க. இங்க பாருங்க, இனிமே இது வந்துச்சுன்னா வேண்டாம்னு குடுத்துடணும்" என்று அந்தப் பெண் நல்ல மனதோடுதான் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை தொட்டுக் காட்டினாள். பெட்டி எழுந்தது. மனைவி குனிந்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக வாய்விட்டுப் படித்தாள்: "அறிவிப்புகள் தாமதமாக வரலாம்... அல்லது... வராமலே போகலாம்."

படித்துவிட்டு அவள் உடனே நிமிரவில்லை. மாத்திரை அட்டையில் பின்பக்கப் பொடி எழுத்தை இரண்டு தடவை படித்த பிறகே வாயில் போடுகிற மனிதரோடு இருபத்தாறு வருடம் இருந்தவள் அவள்.

பட்டியலில் மறுபடி சேர்த்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கணக்கில்தான். மூன்று மாதத்துக்கு, பழைய ஆட்களுக்குப் போய் ஐந்து நிமிடம் கழித்தே அவளுக்குத் தகவல் வரும். "சரிம்மா" என்றாள். "ரொம்ப நன்றிம்மா" என்றாள். வெளியே வரும்போது வழக்கம்போல அவர் இடது பக்கம் வந்து தோள் கொடுத்தாள், படி இறங்கும் வரை. இறங்கியதும் தோளை விலக்கிக்கொண்டாள்.

பேருந்தில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று நிறுத்தம் போயிற்று. ஏதாவது கேட்டுவிட்டால் தேவலை என்று அவருக்கு இருந்தது. கேட்டால் என்ன சொல்வது என்றும் இருந்தது. கண் சரியாகத் தெரியவில்லை, விரல் தவறிவிட்டது, என்னென்னவோ வரிசையில் வந்து நின்றன. எல்லாமே நம்பக்கூடியவை. அவள் நம்பத் தயாராக இருப்பாள் என்பதுதான் தாங்கவில்லை.

"படிச்சீங்களா?" என்று முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"படிச்சேன்."

"ரெண்டு தடவையா?"

"ஆமா."

பேருந்து ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கம்பியைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே இருந்தது. "நீ ஓடிப் போறது எனக்கு..." என்று தொடங்கினார். மேலே வரவில்லை. "தனியா உக்காந்து உக்காந்து எனக்கு..." அதுவும் வரவில்லை. எதைச் சொன்னாலும் அவள்மேல் பழியைச் சாய்க்கிற மாதிரி போய் முடிந்தது. "தப்பு பண்ணிட்டேன்" என்றார். பக்கத்து வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் அந்த அம்மா முன்னாடி படிக்காதவ, தெரியாமப் பேசிட்டேன்னு சொன்னேனே, அப்ப கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் தலையை அசைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, வேறெதையோ நினைத்துக்கொண்டவள் போல, "பக்கத்து வீட்டக்கா போனையும் இப்படித்தான் பண்ணிக் குடுத்தீங்களா? அவங்க பையன் கூப்பிடுவானே" என்றாள். குரலில் நிஜமான கவலை இருந்தது.

பொய் சொல்ல அவருக்குக் கடைசியாகக் கிடைத்த வாய்ப்பு அது. ஆமாம், எனக்கு இதெல்லாம் விளங்குவதில்லை, எல்லாருக்கும் அப்படித்தான் செய்தேன் என்று சொல்லியிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். "இல்ல" என்றார். "அவங்களுக்கு ஒழுங்கா வெச்சுக் குடுத்தேன்."

அவள் திரும்பி முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபமாக இருந்தால் அவர் தாங்கியிருப்பார். வழி தெரியாத ஊரில் யாரையோ பார்த்து விலாசம் கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வையாக இருந்தது அது. அடுத்த நிறுத்தம் வந்ததும் எழுந்தாள். அது அவர்கள் நிறுத்தம் இல்லை. இன்னும் நான்கு இருந்தன. "பாத்து இறங்குங்க. பின்படி உசரம், முன்படி வழியா இறங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவர் எழப் பார்த்தார். முழங்கால் பூட்டிக்கொண்டது. பேருந்து கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாக அவள் பின்னால் சிறுத்துக்கொண்டே போவது தெரிந்தது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, வேலைக்குப் போகிறவள் நடை. பிறகு சிக்னலில் வண்டி நின்றது. முன்னால் நீளமான வரிசை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். நடைபாதையில் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள்: கோப்பு வைத்திருந்த ஒருவர், பள்ளிக்கூடப் பைகள், ஒரு நாய். அவளும் வந்தாள். அவர் ஜன்னலுக்கு நேராக வந்தபோது நடைபாதைக் கூட்டம் தேங்கியதில் அவளும் நிற்க வேண்டியதாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முழ தூரம்கூட இல்லை. நெற்றியோரம் வேர்வையில் ஒட்டியிருந்த இரண்டு நரைமுடி தெரிந்தது. தட்டினால் கேட்கும். அவர் கையைத் தூக்கினார். விரல்கள் கண்ணாடியைத் தொடவில்லை. தொடுகிற தூரத்தில் நின்றன. அவள் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, எதிரே தெருவையே பார்த்தபடி, கூட்டம் நகரட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.